கைக்கெட்டுற தூரத்துல கத்தரிக்கோல்

துணி வெட்டுற கத்தரிக்கோலை எடுத்து பால் பாக்கெட் வெட்டுறவங்க மேல எனக்கு வர்ற கோபத்துக்கு அளவே கிடையாது.

மாத்திரை அட்டை வெட்டுவாங்க. அட்டைப்பெட்டி வெட்டுவாங்க. சணல் கயிறு வெட்டுவாங்க. அன்னிக்குச் சாயங்காலமே ஒரு ஜார்ஜெட் பிட்டை விரிச்சு வெட்ட உக்காந்தா, கத்தரிக்கோல் துணியை வெட்டாது, கடிக்கும். ஓரமெல்லாம் பிசிறு பிசிறா நிக்கும். தைக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வேதனை இது.

(சாணை பிடிக்கிறவர் தெருவுல வர்றதே குறைஞ்சு போச்சு. அது தனிக் கதை.)

ஆனா வீட்டுல உள்ளவங்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. மிஷின் பலகை மேல, ஜன்னல் திண்டுல, கட்டில் ஓரத்துலன்னு கேட்பாரில்லாம கிடக்குற கத்தரிக்கோலை யாரும் எடுக்கத்தான் செய்வாங்க. அதுக்குன்னு ஒரு இடம் இருந்து, அந்த இடத்தைப் பாத்தாலே "இது தையலுக்கு உள்ளது"ன்னு தெரிஞ்சா, எடுக்குற கை கொஞ்சம் யோசிக்கும்.

அந்த இடத்தைத்தான் இப்ப துணியிலயே தைச்சு முடிச்சிருக்கேன். ரொம்ப சந்தோஷமா இருக்கு. அதைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு காபி போட்டுட்டு வந்து உக்காருங்க.

நான் சிவகிரியில வீட்டுலயே பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். காலால மிதிக்கிற பழைய மிஷின். நல்ல மிஷின். ஆனா சாமான்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுல. பாபின், குண்டூசி, ஹூக், கோடு போடுற சாக், தையல் பிரிப்பான், ஸ்க்ரூ டிரைவர், ஆயில் கேன் எல்லாம் ஒண்ணா மண்ணா கிடக்கும்.

டப்பாவுல என்ன குறைன்னு கேப்பீங்க.

தைக்கும்போது ரெண்டு காலும் மிதியில இருக்கும். இடது கை துணியைப் பிடிச்சிருக்கும். ஊசி துணிக்குள்ள இறங்கி நிக்கும். மிச்சம் இருக்குறது ஒரே ஒரு வலது கை. அந்த ஒத்தக் கையால டப்பா மூடியைத் திறந்து, உள்ள கிளறி, ஹூக் குத்தாம ஒரு பாபினை எடுக்கணும். நடக்குற காரியமா? துணியை விட்டுட்டு ரெண்டு கையாலயும் தேடுவோம். திரும்ப வந்து பிடிக்கும்போது துணி ஒரு நூல் நகந்திருக்கும். பிளவுஸ் கழுத்துல அந்த ஒரு நூல் போதும், கோணிக்கிட்டு நிக்க.

அதனால நான் வச்ச முதல் சட்டம் இதுதான்: எந்தச் சாமானா இருந்தாலும் ஒரே கையில, கண்ணால பாக்காம எடுக்க வரணும். திரும்ப வைக்கவும் வரணும்.

இதுக்கு யூடியூப்ல நிறைய வீடியோ இருக்கு. எல்லாம் அழகா இருக்கு. ஆனா பெரும்பாலும் வெளிநாட்டு மாடல். மேசை மேல தூக்கி வைக்கிற கரண்ட் மிஷினுக்கு அடியில ஒரு துணி விரிப்பு, அதோட முன்பக்கம் தொங்குற பாக்கெட். மிஷினோட கனமே விரிப்பைப் பிடிச்சுக்கிடும்.

நம்ம மிதிமிஷின்ல அது ஆகாது. மிஷின் பலகைக்குள்ள பதிஞ்சு இருக்கும், அடியில எதையும் விரிக்க முடியாது. பலகை மேல துணி போட்டாலும் தைக்கிற துணி வழுக்கிப் போகாம அதுல உரசிக்கிட்டு நிக்கும். வலது பக்கம் சக்கரம், பெல்ட். அங்க ஒரு நாடா தொங்கினாக்கூட பெல்ட் இழுத்துட்டுப் போயிடும். முன்பக்கம் ரொம்ப இறங்கித் தொங்கினா முட்டி இடிக்கும்.

ஆக, நம்ம மிஷினுக்கு நம்மதான் யோசிக்கணும்.

நான் இப்படிப் பிரிச்சேன்:

நிமிஷத்துக்கு நிமிஷம் எடுக்குறது: நூல் வெட்டி, சாக், குண்டூசி, பிரிப்பான், டேப், நூல், பாபின். இதெல்லாம் முன்பக்கம், வலது கை இறங்குற இடத்துல.

ஒரு வேலை முடிஞ்சு அடுத்த வேலைக்கு எடுக்குறது: கத்தரிக்கோல், ஸ்கேல், வெட்டி வச்ச பிட்டு. இதெல்லாம் இடது பக்கம். (தைக்கிற துணி இடது பக்கமாத்தான் சரிஞ்சு தொங்கும். அதனால தைச்சுக்கிட்டு இருக்கும்போதே எடுக்குற சாமானை அங்க வைக்கக்கூடாது, துணி மூடிடும்.)

நாளைக்கு ஒருக்கா எடுக்குறது: ஆயில் கேன், ஸ்க்ரூ டிரைவர், தூசி தட்டுற பிரஷ். இது இடது பக்கத்துலயே அடிவரிசை. ஆயில் கேனை மட்டும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு, மத்த துணியில இருந்து தள்ளி வைங்க.

வலது பக்கம் ஒண்ணுமே கிடையாது. சக்கரத்தோட ராஜ்ஜியம் அது, அப்படியே விட்டாச்சு.

சரி, துணிக்கு வருவோம்.

துணி விஷயத்துல நம்ம பகுதிக்காரங்க கொடுத்து வச்சவங்க. சிவகிரியில இருந்து ராஜபாளையம் ரோட்டுல போனா சேத்தூர் பக்கம் தளவாய்புரம், முகவூர். நைட்டியும் பாவாடையும் தைக்கிற ஊருங்க. தெருவுல நடந்தாலே மிஷின் சத்தம் கேக்கும். ராஜபாளையத்துல நூல் மில்லு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஆரம்பிச்சது 1936ல. அதுக்குப் பக்கத்துலயே சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிக்குப் போற பேண்டேஜ் துணி நெய்யுற ஊரு. தென்கிழக்க போனா சங்கரன்கோவில், விசைத்தறிச் சேலை. பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி உடுப்பாகுற மொத்த வேலையும் நம்மளைச் சுத்தியே நடக்குது. இங்க இருந்துக்கிட்டு பிளாஸ்டிக் டப்பா வாங்குறதுக்கு எனக்கு மனசே வரல.

நைட்டித் துணி பிட்டு எங்க வீட்டுல எப்பவும் இருக்கும். பூப்போட்ட காட்டன், பாக்கவே ஆசையா இருக்கும். ஒத்தைத் துணியா பாக்கெட் அடிச்சுப் பாத்தேன். சாக், டேப்புக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நூல் டியூப் போட்டதும் வாய் தொங்கிப் போச்சு. கத்தரிக்கோலுக்குப் பேச்சே இல்ல.

பழைய ஜீன்ஸ் காலைப் பிரிச்சு அடிச்சுப் பாத்தேன். பலம்னா பலம், அப்படி ஒரு பலம். ஆனா மடிப்பு மேல மடிப்பு வர்ற மூலையில மிஷின் திணறும். மேசையளவுக்கு முழுக்க ஜீன்ஸ்னா கனமும் கூட.

கடைசியில உக்காந்தது இதுதான்: பின்துணிக்கு ஜீன்ஸ். பாக்கெட்டுக்கு வெளியில நைட்டித் துணி, உள்ள காடாத் துணி, ரெண்டும் சேத்து இரட்டையா. வாய்ப்பக்கம் மட்டும் ஒரு இஞ்ச் அகலத்துக்கு சட்டைக் காலருக்கு வைக்கிற கேன்வாஸ் பட்டி. இப்ப பாக்கெட் வாய் விறைப்பா நிக்குது. கை தானா உள்ள போகுது.

காடாத் துணியை வாங்கின உடனே வெட்டாதீங்க. பாவுநூலுக்குப் போட்ட கஞ்சி அதுல அப்படியே இருக்கும். ராத்திரி தண்ணில ஊறப்போட்டு, காலையில அலசிக் காயவச்சு, இஸ்திரி போட்டு அப்புறம் வெட்டுங்க. மீட்டருக்கு ஒரு இஞ்ச், ரெண்டு இஞ்ச் சுருங்கக்கூடிய துணி. நனைக்காம தைச்சா, முதல் துவைப்புல உள்துணி சுருங்கி, வெளித்துணி உப்பிக்கிட்டு நிக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். அளவு.

வீடியோவுல எல்லாரும் "நாலுக்கு அஞ்சு இஞ்ச் பாக்கெட்"னு சொல்லிடுறாங்க. யாரு சாமானுக்கு நாலுக்கு அஞ்சு? என் நூல் வெட்டி வேற, உங்க நூல் வெட்டி வேற. ஒருத்தர் பிளவுஸுக்கு இன்னொருத்தர் உடம்புல அளவு எடுப்போமா? பாக்கெட்டும் அப்படித்தான். சாமான்லதான் அளவு எடுக்கணும்.

எப்படின்னு சொல்றேன். இதை நல்லா கவனிங்க, இந்தப் பதிவோட உயிரே இதுதான்.

சாமானை மேசை மேல படுக்க வைங்க. மேசையில அது அடைக்கிற அகலத்தை எடுங்க. அதுகூட கால் இஞ்ச், கொஞ்சம் தாராளமா வேணும்னா அரை இஞ்ச் சேத்தா, அது பின்துணி அளவு.

அடுத்து, டேப் நுனியை இந்தப் பக்கம் மேசையில வச்சு, சாமான் மேல ஏத்தி, அந்தப் பக்கம் இறக்கி மேசையைத் தொடுற வரைக்கும் அளங்க. அதோட அரை இஞ்ச் லூஸ் சேத்தா, அது முன்துணி அளவு.

அவ்வளவுதான்.

பெரிய நூல் டியூப் ஒண்ணு, ஒன்றரை இஞ்ச் அகலம்னு வைங்க. பின்துணி ரெண்டு இஞ்ச் விட்டாப் போதும். மேல ஏறி இறங்குற அளவு கிட்டத்தட்ட நாலு இஞ்ச் வரும், லூஸோட நாலரை. பின்னால ரெண்டு, முன்னால நாலரை. மிச்சம் இருக்குற ரெண்டரை இஞ்சை அடிப்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணேகால் ஒண்ணேகாலா கொசுவம் பிடிச்சு அடிச்சிடுங்க. பாக்கெட் வயிறு தள்ளி நிக்கும், டியூப் நிமுந்து உக்காரும்.

சாக் தட்டையா இருக்கும், அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் அரை இஞ்ச் வித்தியாசம் போதும். டேப்பைச் சுருட்டி வச்சா கொஞ்சம் தடிமன், அதுக்கு ஒன்றரை இஞ்ச் வித்தியாசம்.

என் முன்பக்கத்துக்குக் கணக்கு இப்படி வந்துச்சு (முதல்ல பின்துணி, அப்புறம் முன்துணி, எல்லாம் இஞ்ச்ல):

சாக்: 2½, 3
நூல் வெட்டி: 2, 2½
பிரிப்பான்: 1½, 2
டேப்: 2½, 4
நூல் டியூப்: 2, 4½
இன்னொரு நூல் டியூப்: 2, 4½
பாபின்: 3½, 3½

பின்துணி மொத்தம் 16. முன்பட்டி மொத்தம் 24. ரெண்டுக்கும் ஓரத்துக்கு ஒரு இஞ்ச் தனியா சேத்துக்கோங்க. ஒரே நீளப் பட்டியா வெட்டி, சாக் கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு வச்சு நேரா அடிச்சா ஏழு பாக்கெட்டும் ஒண்ணா முடிஞ்சிடும்.

ஆழம்? சாமான்ல மூணுல ரெண்டு பங்கு உள்ள, ஒரு பங்கு வெளிய. முழுசா உள்ள போனா தேடணும். பாதிக்கு மேல வெளிய நின்னா விழுந்துடும். சின்னச் சாக் அடியில போய் ஒளிஞ்சுக்கும். அதுக்கு மட்டும் குறுக்க ஒரு தையல் போட்டு ஆழத்தைக் குறைச்சிட்டேன். முன்பக்கம் மொத்தமா தொங்குறது 7 இஞ்ச். முட்டியில படல.

ஜீன்ஸும் நைட்டித் துணியும் காடாவும் கேன்வாஸும் சேர்ற மூலை இருக்கு பாருங்க, அங்கதான் ஊசி உடையும். நம்ம சாதாரணமா காட்டனுக்குப் போடுறது 14, 16ஆம் நம்பர் ஊசி. இந்த மூலைக்கு 18 போடுங்க. (ஊசி பாக்கெட்ல 90/14, 100/16, 110/18னு போட்டிருக்கும்ல, அந்த 90ன்னா ஊசித் தண்டு 0.90 மில்லிமீட்டர் தடிமன். 110ன்னா 1.10 மில்லிமீட்டர்.) கூடவே ஒரு வேலை செய்ங்க. அந்தத் தடிப்பான மூலையை அம்மிக்கல்லு மேல வச்சு, சுத்தியலால நாலு தட்டு தட்டுங்க. நூலிழை நசுங்கி மடிப்பு படிஞ்சிடும். அப்புறம் மிதிக்காம, சக்கரத்தைக் கையால உருட்டி ஒவ்வொரு தையலா இறக்குங்க. டக் டக்னு ஊசி இறங்குறது கைக்கே தெரியும். எந்த இடத்துல முட்டுதுன்னும் தெரியும்.

பாக்கெட் வாய் மூலை எல்லாத்துலயும் சின்ன முக்கோணமா தையல் போட்டு ரிவர்ஸ் அடிங்க. கை போய்ப் போய் வர்ற இடம், முதல்ல பிரியுறது அதுதான்.

பாபின் பாக்கெட்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பாக்கெட்.

பாபின்ல எந்தக் கலர் நூல் இருக்குன்னு வெளியில இருந்தே தெரியணும்னு ஆசை. பெட்ஷீட் வாங்கினா ஜிப் வச்ச கண்ணாடி கவர் குடுப்பாங்கல்ல? அதை நம்ம எல்லாரும் "எதுக்காச்சும் ஆகும்"னு எடுத்து வச்சிருப்போம். ஆச்சு! அதை வெட்டி ஜன்னல் மாதிரி வச்சு அடிச்சேன். நடுவுல ஒரு தையல். ஒரு பக்கம் வெளிர் கலர் பாபின், இன்னொரு பக்கம் அடர் கலர்.

பிளாஸ்டிக் மேல அடிக்கும்போது மிஷின் புட் வழுக்காது, ஒட்டிக்கிட்டு அங்கேயே நிக்கும். மேல ஒரு மெல்லிசுப் பேப்பரை வச்சு அடிங்க, அடிச்சு முடிச்சுக் கிழிச்சு எடுத்துடலாம். தையலைப் பெருசு வச்சுக்கோங்க. பொடித்தையல் போட்டா ஓட்டை நெருக்கமா விழுந்து, தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டோடயே கிழிஞ்சிடும். குண்டூசியும் குத்தாதீங்க, பிளாஸ்டிக்ல விழுந்த ஓட்டை விழுந்ததுதான். ஓரத்துல துணி உலர்த்துற கிளிப் போட்டுப் பிடிச்சுக்கோங்க.

அடுத்து குண்டூசி மெத்தை.

ஆனி, ஆடி வந்தா குத்தாலத்துச் சாரல் காத்து மேற்குத் தொடர்ச்சி மலையோரமா நம்ம ஊர் வரைக்கும் ஈரம் கொண்டாந்து போடும். சீசன்னு ஊரே குளிக்கப் போகும். நமக்கு ஊசி துருப்பிடிக்கும். துருப்பிடிச்ச குண்டூசியை வெள்ளைத் துணியில குத்தி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க, கறை விழுந்துடும்.

அதனால மெத்தைக்கு உள்ள இலவம்பஞ்சு வச்சேன். இலவம்பஞ்சு இழையில இயற்கையாவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு, தண்ணியை உறிஞ்சாது. பருத்திப் பஞ்சு அப்படி இல்ல, ஈரத்தை வாங்கி வச்சுக்கும். பழைய தலையணையில இருந்து ஒரு பிடி எடுத்தாப் போதும், ஆனா இறுக்கி அடைக்கணும். தளர்வா இருந்தா ஊசி உள்ள போய்த் தொலைஞ்சிடும். மெத்தைக்கு அடியில ஒரு கனமான அட்டை வைங்க, குத்தின ஊசி அந்தப் பக்கமா வந்து கையில ஏறாது.

மிஷின் ஊசிக்கு மெத்தை வேண்டாம். கம்பளித் துணியில நாலு இதழ் வெட்டி, புஸ்தகம் மாதிரி ஓரத்தை அடிச்சு, ஒவ்வொரு இதழ்லயும் 11, 14, 16, 18னு நூலாலயே நம்பர் போட்டு வச்சேன். பாதி ஓடின ஊசியைக் கழட்டினா அந்தந்த நம்பர் இதழ்ல குத்திடலாம். இல்லன்னா ஊசியில இருக்குற நம்பரைப் படிக்கப் பூதக்கண்ணாடி தேடணும்.

வெட்டின நூல் கீழ விழுந்து கால்ல சுத்துமே, அதுக்கு ஒரு குப்பைப் பையும் உண்டு. கையளவு பைதான். வாய் எப்பவும் திறந்தே நிக்கணும். கம்பி வச்சா துரு. ஜவுளி பேல், பார்சல் எல்லாம் கட்டி வருமே பிளாஸ்டிக் பட்டை, அதை ஒரு சாண் வெட்டி வாய் மடிப்புக்குள்ள சொருகினேன். வட்டமா விரிஞ்சு நிக்குது. நூலை வெட்டின கையை அப்படியே கீழ இறக்கினா பைக்குள்ள விழுது.

இதெல்லாம் பலகையில எப்படி நிக்குது?

வெல்க்ரோ. ஆனா பலகை மேல ஒட்டக்கூடாது. வெல்க்ரோவுல கொக்கிப் பக்கம் சொரசொரன்னு இருக்கும், அதுல ஜார்ஜெட்டோ ஷிபானோ ஒருக்கா உரசினா இழை உருவிடும். பலகையோட முன் விளிம்பு இருக்குல்ல, தடிமன் பக்கம், அதுல கொக்கிப் பட்டியைச் சின்ன ஆணி வச்சு அடிச்சேன். பையோட மேல்விளிம்புல மெத்துன்னு இருக்குற பட்டியைத் தைச்சேன். பை ஒட்டினா கொக்கி மறைஞ்சிடும். ரெண்டு நுனியிலயும் பாவாடை நாடா வச்சு ஸ்டாண்டோட ஒரு முடிச்சு, நுனி தொங்காம. அவ்வளவுதான், அசையாது. அழுக்கானா பிச்சு எடுத்துத் துவைச்சுக்கலாம். (டிராயர் இருக்குற பலகைன்னா பையை டிராயருக்கு இடது பக்கமா ஒதுக்கிக்கோங்க.)

வெல்க்ரோ வந்த கதை தெரியுமா? நம்ம மலையடிவாரத்துத் தோட்டத்துக்குப் போயிட்டு வந்தா சேலைக் கரையில நாயுருவி ஒட்டிட்டு வரும்ல? 1941ல சுவிட்சர்லாந்துல ஜார்ஜ் டி மெஸ்ட்ரால்னு ஒரு இன்ஜினியர் நாயோட மலைப்பக்கம் போயிட்டு வந்தார். நாய் முடியில இதே மாதிரி ஒட்டுற காய். மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பாத்தா, நுனியெல்லாம் சின்னச் சின்னக் கொக்கி. அதை வச்சே பல வருஷம் உழைச்சு இந்தப் பட்டியைக் கண்டுபிடிச்சார், 1955ல காப்புரிமையும் வாங்கினார். நம்ம ஊரு நாயுருவியை உதறும்போதெல்லாம் எனக்கு இனிமே அவர் ஞாபகம்தான் வரும்.

இடது பக்கத்துப் பை சுலபம். கத்தரிக்கோலுக்குக் கீழ குறுகி மேல அகலமான பாக்கெட். நுனி குத்திக் குத்தி அடித்துணி ஓட்டையாகும், அதனால ஜீன்ஸ் பேண்ட்ல இடுப்புக்குப் பின்னால இருக்குமே தோல் லேபிள், அதை எடுத்து அடியில வச்சு அடிச்சேன். மேல ஒரு மூடி, ஒரு டிச் பட்டன். சின்னப் பிள்ளைங்க இருக்குற வீட்டுல இந்த மூடியை விட்டுடாதீங்க. (பால் பாக்கெட் வெட்டுறவங்களுக்கும் அந்தப் பட்டன் ஒரு நல்ல தடுப்பு.)

அதுக்குப் பக்கத்துல பெரிய பாக்கெட் ஒண்ணு, வெட்டின பிட்டுக்கு. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சொல்ற ஊரு நம்மது. பிளவுஸ் கைத்துண்டு எம்மாத்திரம்? கையும் பட்டியும் கழுத்துப் பீஸும் ஆளுக்கொரு மூலைக்குப் பறந்து, ஒரு கஸ்டமர் பீஸ் இன்னொரு கஸ்டமர் துணியோட கலந்துடும். இப்ப வெட்டின உடனே சுருட்டி, பேர் எழுதின சீட்டோட அந்தப் பாக்கெட்ல. நிம்மதி.

எல்லாம் மாட்டி முடிச்ச அன்னிக்கு எதுத்த வீட்டு ஆச்சி வந்தாங்க. வாசல்ல நின்னு பாத்துட்டு,

"ஏட்டி, என்னது இது? மிஷினுக்குப் பாவாடை கட்டி விட்டுருக்க?"

"பாவாடை இல்ல ஆச்சி, பை. சாமான் வைக்க."

பக்கத்துல வந்து ஒவ்வொரு பாக்கெட்டுக்குள்ளயும் விரலை விட்டுப் பாத்தாங்க. நூல் டியூபை எடுத்தாங்க, திரும்ப வச்சாங்க. அப்புறம் இடுப்புல இருந்து சுருக்குப்பையை உருவி என் கையில குடுத்தாங்க.

"உள்ள பாரு."

உள்ள மூணு தட்டு. வெத்தலைக்கு ஒண்ணு, பாக்குக்கு ஒண்ணு, காசுக்கு ஒண்ணு. சுண்ணாம்பு டப்பாவுக்கு ஓரமா தனியா ஒரு குட்டிப் பை. பிரிவுத்துணி ஒவ்வொண்ணும் வேற வேற சேலைத்துண்டு. எல்லாம் கையால போட்ட ஓடுதையல், நூல் பிடிச்ச மாதிரி நேரா.

"களையெடுக்கையில ஒரு கைதான் சும்மா இருக்கும். பாக்காமலே எடுக்கணும்லா" அப்படின்னாங்க.

நான் அப்படியே நின்னுட்டேன். ஒரே கை, கண்ணால பாக்காம. நான் வச்ச சட்டத்தை ஆச்சி எப்பவோ இடுப்புல சொருகி வச்சிருக்காங்க. அளவும் அப்படித்தான்: வெத்தலையை மடிச்ச அளவுக்கு ஒரு தட்டு, காசு அளவுக்கு ஒரு தட்டு.

வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க போருக்குப் போகும்போது ஊசி, நூல், பட்டன் வைக்க பாக்கெட் வச்ச ஒரு துணியைச் சுருட்டிக் கட்டி எடுத்துட்டுப் போவாங்களாம். ரெண்டு உலகப்போர்லயும் அது அவங்க மூட்டையில இருந்திருக்கு. எந்த ஊரா இருந்தா என்ன, கையில வேலை இருக்குறவங்களுக்கு இது தானாத் தோணியிருக்கு.

இப்ப ஒரு விஷயம் மனசு விட்டுச் சொல்றேன்.

நம்ம ஊர்ப் பக்கம் எத்தனையோ பொம்பளைங்க மிஷினை நம்பிக் குடும்பம் நடத்துறாங்க. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்துல தமிழ்நாடு அரசு இலவச மிஷின் குடுக்குது. 2023 செப்டம்பர் 17ல ஆரம்பிச்ச மத்திய அரசோட விஸ்வகர்மா திட்டத்துல இருக்குற 18 தொழில்ல தையலும் ஒண்ணு, கருவி வாங்க 15,000 ரூபாய் வரைக்கும் உண்டு. நல்லது. ரொம்ப நல்லது. மிஷின் வீட்டுக்கு வந்துடுது.

ஆனா உக்கார்ற இடத்தை எப்படி அமைக்கணும்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. சமையலறையில உப்பு எங்க, புளி எங்கன்னு இருட்டுலயும் கை போகும். சம்பாதிச்சுக் குடுக்குற மிஷினுக்குப் பக்கத்துல மட்டும் எல்லாம் டப்பாவுல. பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குற நமக்கு, தேடுற நேரத்துக்கு யாரும் காசு தர்றதில்ல.

ஊருக்கே தைக்கிறோம். நம்ம மிஷினுக்கு ஒரு பை தைக்க நேரம் இல்லன்னு சொல்றோம். அது எனக்கு வருத்தமா இருக்கு.

தையல் கிளாஸ் எடுக்குற டீச்சர்களுக்கு என் வேண்டுகோள் இது. முதல்ல பேப்பர்ல நூல் இல்லாம ஓட்ட வைக்கிறீங்க, அது வேணும். அப்புறம் மடிப்பு, கொசுவம், பட்டி, பைப்பிங், பாக்கெட்னு சாம்பிள் தைச்சு ரெக்கார்டு நோட்டுல ஒட்ட வைக்கிறீங்க. பரீட்சை முடிஞ்சா அந்த நோட்டு பரண்ல. அதே சாம்பிளை எல்லாம் ஒரு பையில தைக்கச் சொல்லுங்க. நேர்தையலுக்குப் பாக்கெட் தடுப்பு. கொசுவத்துக்கு நூல் டியூப் பாக்கெட். பைப்பிங்குக்குச் சுத்து ஓரம். பட்டன் வைக்கக் கத்தரிக்கோல் மூடி. அளவு எடுக்கவும் பழகிடும், அதுவும் அவங்கவங்க சாமான்லயே. ரெக்கார்டுக்கு ரெக்கார்டு ஆச்சு. கிளாஸ் முடிச்சு வீட்டுக்குப் போய் மிஷின் போடுற பிள்ளைக்கு முதல் நாளே ஒரு சாமான் பையும் ஆச்சு.

நீங்க தைக்கிறவங்கன்னா இந்த வாரமே ஆரம்பிங்க. எல்லா பாக்கெட்டும் ஒரேயடியா வேண்டாம். மேசையில இருக்குற சாமான்ல எதை அதிகமா தேடுறீங்களோ அதை எடுத்துப் படுக்க வைங்க, டேப்பை மேல ஏத்தி இறக்குங்க, அளவை எழுதுங்க. அதுக்கு மட்டும் ஒரு பாக்கெட் தைச்சு மாட்டுங்க. மிச்சத்தை அந்தப் பாக்கெட்டே உங்களைத் தைக்க வச்சிடும்.